கணக்கு சொன்ன யூனிட்டும் மீட்டர் காட்டும் யூனிட்டும்: ராமநாதபுரம் கடற்கரைக் கட்டடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை வீடு, விடுதி, பள்ளி, ஐஸ் ஆலை என்று கட்டடங்களின் மின் பயன்பாட்டை அளப்பது என் தொழில். போகும் இடமெல்லாம் ஒரே ஆதங்கத்தைக் கேட்கிறேன்: "கட்டும்போது இவ்வளவுதான் ஆகும் என்றார்கள், வருவது வேறாக இருக்கிறதே!" அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மின் பயன்பாட்டுக் கணிப்பு என்றால் என்ன?

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அது ஓராண்டில் எத்தனை யூனிட் செலவழிக்கும் என்று கணக்கிடுவது. சிறிய வீடு என்றால் மின் பொறியாளர் ஒரு தாளில் எழுதித் தருவார்: இத்தனை மின்விசிறி, இத்தனை மணி நேரம், இத்தனை வாட். பெரிய கட்டடம் என்றால் 'எனர்ஜிபிளஸ்' போன்ற மென்பொருளில் சுவர், கூரை, சன்னல், ஏசி, ஆட்களின் வருகை எல்லாவற்றையும் ஏற்றி, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் கணக்குப் போடுவார்கள். இரண்டிலும் பின்னணியில் ஏராளமான 'என்றால்' உண்டு. இரவு பத்து மணிக்குத்தான் ஏசி போடுவார்கள் என்றால், சன்னல் மூடியிருக்கும் என்றால், இருபத்து நான்கு டிகிரியில் வைப்பார்கள் என்றால். உங்களிடம் வந்து சேரும்போது அந்த 'என்றால்' எல்லாம் உதிர்ந்துபோய் எண் மட்டும் மிஞ்சுகிறது.

அப்படியானால் கணிப்புத் தருகிறவர்கள் ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. கணித்ததற்கும் அளந்ததற்கும் நடுவே பள்ளம் இருப்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை 'ப்ரோப்' என்ற பெயரில், குடியேறிச் சில ஆண்டுகள் ஆன கட்டடங்களுக்குத் திரும்பப் போய் அளந்தார்கள். நல்ல பெயர் எடுத்த கட்டடங்கள் பலவும் வடிவமைப்பாளர் நினைத்ததைவிடக் கூடுதலாகவே மின்சாரம் தின்றன. நம் ஊரில் குறை என்னவென்றால், அப்படித் திரும்பிப் போய்ப் பார்க்கும் வழக்கமே இல்லை. சாவியைக் கொடுத்த நாளோடு கட்டியவருக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. தன் கணக்கு எங்கே பிசகியது என்று அவருக்குத் தெரிவதே இல்லை, அதனால் அடுத்த வீட்டிலும் அதே பிசகு நடக்கிறது. எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மதுரையில் இருக்கும் அதே மாதிரி வீடு குறைவாகச் செலவழிக்கிறது. கடலோர ஊரான எங்கள் மண்டபத்தில் வெயில் குறைவுதானே, ஏன் அதிகம் ஆகிறது?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையின் கதையில் பாதி இதில் இருக்கிறது.

ஏசி இரண்டு வேலை செய்கிறது. காற்றின் சூட்டைக் குறைப்பது ஒன்று, காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து எடுப்பது மற்றொன்று. மதுரையில் ஒரு கோடைப் பிற்பகலில் 38 டிகிரி வெப்பம், 35 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 16 கிராம் நீராவி இருக்கும். மண்டபத்தில் 32 டிகிரி, 75 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டரில் 25 கிராம். வெப்பமானி ஆறு டிகிரி குறைத்துக் காட்டுகிறது, ஆனால் காற்று ஒன்றரை மடங்கு ஈரத்தைச் சுமந்துகொண்டு அறைக்குள் நுழைகிறது. 24 டிகிரியில் உடலுக்கு இதமாக இருக்க, கனமீட்டருக்கு 11, 12 கிராம் போதும். மிச்சத்தை ஏசிதான் பிழிய வேண்டும்.

ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறக்குறைய 0.68 யூனிட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சுமாரான ஏசி அதைச் செய்ய 0.2 யூனிட் மின்சாரம் எடுக்கும். இதை நீங்களே சோதிக்கலாம். இரவு படுக்கும்போது ஏசியின் வடிகுழாய்க்கு அடியில் ஒரு வாளி வையுங்கள், காலையில் அளந்து பாருங்கள்.

தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் அப்படி வைத்த வாளி விடிவதற்குள் நிறைந்து வழிந்துவிட்டது. பத்து லிட்டருக்கு மேல். சூட்டைக் குறைப்பதைச் சேர்க்காமல், தண்ணீர் பிழியவே இரண்டு யூனிட்! அந்த அம்மா பதறிப்போய், "ஏசி பழுதா தம்பி?" என்று கேட்டார். ஏசியில் ஒரு பழுதும் இல்லை. படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர் கடலைப் பார்த்துத் திறந்திருந்தது, அதை மூடும் வசதியே இல்லை. குளியலறைக் கதவு தண்ணீரில் ஊறி உப்பிப்போய், ஒரு விரல் அகலத்துக்கு மூடாமல் நின்றது. கணக்குப் போட்டவர் சன்னல்களை எண்ணியிருந்தார், வென்டிலேட்டரை எண்ணவில்லை. தச்சரை அழைத்துக் கதவை இழைத்து, அடியில் ரப்பர் பட்டை ஒட்டியபின் வாளியில் நான்கு லிட்டர்கூட வரவில்லை.

கதவு சன்னலை இறுக்கி மூடிய 30 கனமீட்டர் அறையிலும் மணிக்கு ஒருமுறை காற்று முழுக்க மாறினால், நம் கரையில் எட்டு மணி நேரத்தில் மூன்று லிட்டர் ஈரம் உள்ளே வரும். தூங்குகிறவர்களின் மூச்சும் வியர்வையும் அதற்கு மேல். ஆகவே மூன்று, நான்கு லிட்டருக்குக் கவலைப்பட வேண்டாம். எட்டு, பத்து என்று போனால் ஓட்டையைத் தேடுங்கள்.

கணிப்புக்கு எந்த ஊர் வானிலைத் தகவலை எடுத்தார்கள் என்று கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும், மேலே சொன்ன ஈரத்தின் காரணமாகத்தான். மென்பொருளுக்கு ஒரு 'வானிலைக் கோப்பு' கொடுக்க வேண்டும். உள்ளூர்க் கோப்பு கைவசம் இல்லாதவர் மதுரைக் கோப்பைப் போட்டுவிட்டால், கணக்கு வறண்ட காற்றுக்கான கணக்காகிவிடும். காற்றோட்டமும் அப்படித்தான். வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்று பாக் நீரிணைப் பக்கமிருந்து வீசும், தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வீசும் என்பது படகில் போகிற எவருக்கும் தெரியும். அந்தக் காற்று உள்ளே வரும்படி சன்னல் வைத்த வீட்டில் ஏசி மணிநேரம் குறையும். மதுரைக் கோப்புக்குச் சோளகம் தெரியாது.

ஐந்து நட்சத்திர ஏசி வாங்கினேன். லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட்டைவிட எனக்கு மிக அதிகமாக வருகிறது. புகார் கொடுக்கலாமா?

முதலில் லேபிளைக் கையில் கண்ணாடி வைத்துக்கொண்டாவது முழுக்க வாசியுங்கள். அந்த ஆண்டுக் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கு உரியது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 200 நாள். நம் ஊரில் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் இரவெல்லாம் ஏசி ஓடும் வீடுகள் உண்டு. பத்து மணி நேரம் வீதம் 270 இரவு ஓடினால் 2,700 மணி. லேபிளில் 800 யூனிட் என்றிருந்தால், மணிநேரக் கணக்கிலேயே 1,350 யூனிட் ஆகிவிடுகிறது.

இன்னொன்று, ஆய்வுக்கூடத்தில் ஏசியைச் சோதிக்கும்போது அறைக்குள் 27 டிகிரியும் ஐம்பது சதவீதத்துக்கும் குறைந்த ஈரப்பதமும் இருக்கும். உங்கள் அறை 75 சதவீதத்தில் தொடங்குகிறது, ரிமோட்டை நீங்கள் 22-இல் வைக்கிறீர்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சமாகும் என்பது, இந்த நட்சத்திர லேபிளைத் தரும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லிவரும் கணக்கு. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் தாமாகவே 24 டிகிரியில் தொடங்கும்படி விதி வந்ததும் இதனால்தான்.

நட்சத்திரம் பொய் சொல்லவில்லை. இரண்டு ஏசிகளில் எது சிக்கனம் என்று ஒப்பிட்டுச் சொல்லத்தான் அது இருக்கிறது. உங்கள் வீட்டு மின் கட்டணம் எவ்வளவு வரும் என்பது அதன் கேள்வியே இல்லை.

முதல் ஆண்டு கணிப்புக்கு நெருக்கமாக இருந்தது, மூன்றாம் ஆண்டு ஏறிவிட்டது. நாங்கள் எதையும் மாற்றவில்லையே?

நீங்கள் மாற்றவில்லை, உப்பு மாற்றியிருக்கிறது.

மண்டபம் இரு பக்கமும் கடல் கொண்ட ஒரு நிலநாக்கு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உலோக அரிப்பை ஆராய, உலோகத் தகடுகளைக் காற்றில் காயப்போடத் தேர்ந்தெடுத்த இடங்களில் மண்டபமும் ஒன்று. அரிப்புக்கு அவ்வளவு பேர் போன காற்று இது. ஏசியின் வெளிப்பெட்டியில் மயிரிழை போல் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும், சூட்டை வெளியே தள்ளுவது அவைதான். கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் மாட்டிய ஒரு பெட்டியை மூன்றாம் ஆண்டு திறந்தபோது, தகடுகள் வெள்ளைப் பொடி பூத்து, விரல் பட்டதும் அப்பளம் போல் நொறுங்கின. சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் கூடுதல் நேரம் மூச்சிரைத்துக்கொண்டே ஓடும். அறை குளிர்ந்துவிடுவதால் உங்களுக்குச் சந்தேகம் வராது. மீட்டருக்குத்தான் தெரியும்.

கணிப்புகள் பெரும்பாலும் இயந்திரத்தைப் புதிதாகவே எடுத்துக்கொள்கின்றன. நம் கரையில் அந்த அனுமானம் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை. வெளிப்பெட்டியைக் கடற்காற்று நேரே அடிக்காத பக்கம் வைக்கச் சொல்லுங்கள், பூச்சுப் பூசிய தகடும் செம்புக் குழாயும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று ராமேஸ்வரத்தில் கேட்பார்கள், நியாயமான கேள்வி. வாளியில் பிடித்த ஏசித் தண்ணீர் இருக்கிறதே, அதில் உப்பு இருக்காது. அதையே ஊற்றுங்கள்.

எங்கள் வீட்டில் கணித்ததைவிட மிகக் குறைவாக வருகிறது. அது நல்லதுதானே?

கீழக்கரையில் இதை அடிக்கடி கேட்கிறேன். வீடு பெரியது, மாடிக்கு நான்கு ஏசி. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் அல்லது சென்னையில். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எல்லா அறையும் திறக்கும், மற்ற நாளில் வயதான இருவர் கீழ்த்தளத்தில் ஒரே விசிறியின் கீழ். ஐந்து பேர் ஆண்டு முழுக்க இருப்பதாகப் போட்ட கணக்கு எப்படிப் பொருந்தும்?

இப்படிக் குறைவதும் ஆராயப்பட்ட விஷயமே. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2012-இல் ஜெர்மனி வீடுகளைப் பற்றி எழுதியபோது, வீட்டைச் சூடேற்ற மக்கள் செலவழித்தது கணக்கிட்டதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவு என்று காட்டினார்கள். கணக்கின்படி வெப்பம் அதிகம் ஒழுகும் வீடுகளில் இருப்பவர்கள் குளிரைப் பொறுத்துக்கொண்டு சிக்கனமாக வாழ்ந்தார்கள். நம்மிடமும் அது உண்டு. கட்டணத்துக்குப் பயந்து, மே மாத இரவில் ஏசியை ஒரு மணி நேரத்தில் அணைத்துவிட்டுப் புழுக்கத்தில் புரளும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குறைவை மிச்சம் என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. கூரைக்கு வெப்பத் தடுப்புப் போட்டால் அவர்களின் யூனிட் குறையாமலே போகலாம். தூக்கம் கிடைக்கும், அதுவும் கணக்கில் வர வேண்டிய லாபம்தான்.

ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துகிறோம். கணிப்புக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஏன்?

விடுதிக் கணக்கை வேறு ஊர் ஓட்டலைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். வியாபாரத்துக்கு வருகிறவர் தங்கும் ஓட்டலில் காலையில் அறை காலியாகும். உங்களிடம் வருகிறவர் விடிகாலை அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, நனைந்த துணியோடு அறைக்குத் திரும்புகிறார். மறுபடி வெந்நீர்க் குளியல். பிறகு நடப்பதை நான் ஓர் அறையில் நேரில் பார்த்தேன்: கட்டிலிலிருந்து சன்னல் கம்பிக்குக் கயிறு, அதில் ஆறு வேட்டி சேலை, மேலே விசிறி முழு வேகத்தில். குடும்பம் தனுஷ்கோடிக்குக் கிளம்பிப்போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. ஆள் இல்லாவிட்டால் விசிறி ஓடாது என்பது கணிப்பின் அனுமானம். ஈரத்துணி இருக்கும்வரை ஓடும் என்பது ராமேஸ்வரத்தின் நடைமுறை. மொட்டை மாடியில் நான்கு கொடிக்கயிறு கட்டி, கீழே அறிவிப்பு வைத்தால் சரியாகிற விஷயம் இது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, கார்த்திகை முதல் சபரிமலைப் பருவம் என்று கூட்டம் அலை அலையாக வரும், நடுவில் வெறிச்சோடும். 'ஆண்டு முழுக்க 60 சதவீதம் அறை நிரம்பும்' என்ற சராசரி இதை மறைத்துவிடுகிறது. உவர் நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் தண்ணீர் மோட்டாரும் பல கணிப்புகளில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

ஐஸ் ஆலைக்கும் இதே போன்ற சிக்கல் உண்டா?

உண்டு, அங்கே தலைகீழாக. வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணித்தால் மே மாதம் உச்சத்தில் நிற்கும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்குத் தேவையானது போக, மற்ற ஐஸை யார் வாங்குவார்கள்?

சட்டப்படி ஒப்புதல் வாங்கிய வடிவமைப்பு. அப்படியும் ஏன் பிசகுகிறது?

விதிமுறை என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிமுறை 2007-இல் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தப்படி 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் மின் இணைப்புச் சுமை கொண்ட வணிகக் கட்டடங்களுக்கு அது. வீடுகளுக்கு 2018-இல் வெளியான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளில் கட்டுவதற்கு. சுவரும் சன்னலும் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. கூரைக்கும் ஒரு வரம்பு உண்டு.

இவை கட்டடத்தின் உடலையும் அதில் பொருத்தும் கருவிகளையும் பற்றிய விதிகள். எத்தனை யூனிட் வரும் என்று உறுதி கொடுப்பவை அல்ல. ஆஸ்திரேலியாவில் 1998 முதல் இருக்கும் 'நேபர்ஸ்' தரமதிப்பீடு வேறு வழியில் போகிறது: பன்னிரண்டு மாதம் மீட்டரில் ஓடியதைப் பார்த்துத்தான் நட்சத்திரம் தரும். எனக்குப் பிடித்த வழி அதுவே.

வெள்ளைக் கூரைப் பூச்சு பூசினால் கணிப்பில் சொன்ன அளவு குறையுமா?

முதல் ஆண்டு குறையும். கணிப்பு பூசிய அன்றைய வெண்மையை வைத்துப் போடப்படுகிறது. மணலும் உப்பும் படிந்து, ஐப்பசி மழையில் பாசி பிடித்துச் சாம்பல் நிறமானால் வெயிலைத் திருப்பி அனுப்பும் திறன் குறைந்துவிடும். பங்குனி பிறக்கும் முன் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சுக்குப் பதில் வெள்ளைத் தள ஓடு பதித்திருந்தால் கழுவ எளிது.

மாடியில் சோலார் போட்டுவிட்டோம். இனி கணிப்பைப் பற்றி யோசிக்க வேண்டுமா?

இப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். சோலாரில் வந்து வீட்டுக்குள்ளேயே செலவாகும் யூனிட் வாரியத்தின் மீட்டரில் தெரியாது. பில் குறைந்திருக்கும், பயன்பாடு கூடியிருக்கும். இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தியோடு வெளியிலிருந்து எடுத்த யூனிட்டைக் கூட்டி, வெளியே அனுப்பியதைக் கழியுங்கள். அதுதான் உங்கள் உண்மையான பயன்பாடு.

எத்தனை சதவீதம் பிசகினால் ஏற்கலாம்?

கட்டும் முன் சொன்ன கணிப்புக்கு அப்படி ஒரு கோடு போட முடியாது. கட்டிய பின், உண்மை மீட்டர் எண்களை வைத்துத் திருத்திய கணினி மாதிரிக்கு உண்டு: குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர்களின் அமெரிக்க அமைப்பான ஆஷ்ரேயின் வழிகாட்டி 14-இன்படி, மாதக் கணக்கில் மொத்தப் பிசகு 5 சதவீதத்துக்குள்ளும், மாதாமாத ஏற்ற இறக்கப் பிசகு 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கீடு என்பதால் ஆண்டுக்கு ஆறே எண்கள் கிடைக்கும். மாதம் ஒருமுறை நீங்களே குறித்தால் பன்னிரண்டு.

நானே எங்கிருந்து தொடங்குவது?

மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் விளக்கிலிருந்து. ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும், 3,200 என்று வைத்துக்கொள்வோம். இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வழக்கமாக விட்டுவிடுவதை மட்டும் ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிரிட்ஜ் ஓடும் நேரத்திலும் ஓடாத நேரத்திலும் எண்ணிச் சராசரி எடுங்கள். நிமிடத்துக்குப் பத்து வந்தால் ஏறக்குறைய 190 வாட். யாரும் எதையும் தொடாமலே அறுபது நாளில் 270 யூனிட்! வீடுகளுக்கான இலவச யூனிட் அதிலேயே கரைந்துபோகிறது. பிரிட்ஜ், இன்வெர்ட்டர், கேமரா, செட்டாப் பாக்ஸ், ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி எண்ணினால் திருடன் பிடிபடுவான். இந்த அடிச்சுமையைக் கணிப்பில் சேர்த்தவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

புதிதாகக் கட்டப்போகிறோம். பொறியாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

எண்ணை வாங்குவதற்கு முன் அவர் எடுத்துக்கொண்ட அனுமானங்களை எழுதி வாங்குங்கள்: எந்த ஊர் வானிலை, எத்தனை பேர், எந்த அறையில் எத்தனை மணி ஏசி, எந்த டிகிரி, வென்டிலேட்டர் மூடியா திறந்தா, மோட்டார் எத்தனை நேரம். ஒரே எண்ணாகத் தராமல், சிக்கனமாக வாழ்ந்தால் இவ்வளவு, தாராளமாக வாழ்ந்தால் இவ்வளவு என்று இரண்டாகக் கேளுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறுவதால், அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதும் தெரிய வேண்டும். கடைசித் தவணைப் பணத்தில் ஒரு சிறு தொகையை, குடியேறி ஓராண்டு கழித்து அவரே வந்து மீட்டரையும் தன் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக நிறுத்திவைக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். இதுவரை இரண்டு பேர் ஒப்புக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். இருவருமே அடுத்து வரைந்த வீட்டில் குளியலறை வென்டிலேட்டருக்கு மூடும் கண்ணாடி வைத்தார்கள்.